25 மி.மீ கியர் ஷாஃப்ட்டில் சர்க்ளிப் (பாகம் நழுவாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம்) திரும்பத் திரும்பக் கழன்று விழுகிறது. க்ரூவ் (அது உட்காரும் பள்ளம்) கோளாறா, சர்க்ளிப் கோளாறா?

மூணுதாடை கேட்டது:

வணக்கம். மணல் ஏற்றும் பெல்ட் கன்வேயரின் கியர்பாக்ஸ். ஒரே ஜோடி ஹெலிகல் (சாய்ந்த பல்) கியர், கிரீஸ் போட்டு ஓடுவது. மோட்டார் 3 எச்பி, 1440 ஆர்பிஎம், குறைப்பு 4-க்கு 1. பெரிய கியரின் பிட்ச் விட்டம் 80 மி.மீ, ஹெலிக்ஸ் கோணம் 20 டிகிரி. அந்த கியர் ஏறியிருக்கும் ஷாஃப்ட் இஎன்8 ஸ்டீல், பேரிங் உட்காரும் இடத்தில் 25 மி.மீ, இரண்டு முனையிலும் 6205 2ஆர்எஸ் (இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ள பால் பேரிங்).

இடது பேரிங்தான் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்துவது. அதன் வெளி வளையம் ஹவுசிங்கில் இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது. உள் வளையத்துக்கு கியர் பக்கம் ஷாஃப்ட்டின் ஷோல்டர் (விட்டம் பெரிதாகும் படி), வெளிப்பக்கம் சர்க்ளிப். வலது பேரிங்குக்கும் கியர் பக்கம் ஷோல்டர் உண்டு, ஆனால் அதன் வெளி வளையம் ஹவுசிங்குக்குள் நகர விடப்பட்டிருக்கிறது. செயின் ஸ்ப்ராக்கெட் வலது முனையில்.

இரண்டு வருடம் தொந்தரவு இல்லை. கன்வேயரை இடம் மாற்றி, பெல்ட் ஓடும் திசையையும் மாற்றிய பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு முறை சர்க்ளிப் க்ரூவை விட்டு ஏறி வந்துவிடுகிறது. ஷாஃப்ட் வலது பக்கம் நகர்ந்து கியர் ஹவுசிங் சுவரில் உரசுகிறது. புது சர்க்ளிப் மூன்று போட்டாகிவிட்டது.

ஃபிட்டர் சொல்லும் வழி இரண்டு: க்ரூவை அகலமாக்கி இரண்டு சர்க்ளிப் சேர்த்துப் போடுவது, அல்லது சர்க்ளிப்பின் வாயை வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்து மூடுவது. எது தாங்கும்?

---

மைக்ரான்:

இரண்டும் வேண்டாம் சார். வெல்டிங் பொட்டு கண்டிப்பாக வேண்டாம். சர்க்ளிப் ஸ்பிரிங் ஸ்டீல், 25 மி.மீ அளவில் கடினம் ராக்வெல் சி 47 முதல் 54 வரை. பொட்டு வைத்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி போல் நொறுங்கும், அதற்கு அடுத்த இடம் இளகிப்போகும். பேரிங்கை ஒட்டினாற்போல் வெல்டிங் செய்தால் சீல் உருகும். எர்த் கிளாம்ப் தப்பான இடத்தில் இருந்தால் கரண்ட் குண்டுகள் வழியாகப் போய் ட்ராக்கில் குழி விழும்.

முதலில் மூன்று விஷயம் அளந்து போடுங்கள். க்ரூவின் அடி விட்டம், க்ரூவின் அகலம், க்ரூவின் வெளிச் சுவர் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா வட்டமடித்திருக்கிறதா. கழன்று வந்த சர்க்ளிப்பைத் தூக்கிப் போடாமல் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். தட்டையாக உட்காருகிறதா, தட்டு மாதிரிக் குழிந்திருக்கிறதா?

ஒப்பிட்டுப் பார்க்க டின் 471 (ஷாஃப்ட் சர்க்ளிப்புக்கான ஜெர்மன் தரநிலை) அளவுகள், 25 மி.மீ ஷாஃப்ட்டுக்கு: சர்க்ளிப் தடிமன் 1.2. க்ரூவ் அடி விட்டம் 23.9, அதிலிருந்து 0.21 வரை குறையலாம், கூடக் கூடாது. க்ரூவ் அகலம் 1.3, கூடுதலாக 0.14 வரை. க்ரூவின் வெளிச் சுவரிலிருந்து ஷாஃப்ட் முனை வரை குறைந்தது 1.7 மி.மீ இரும்பு நிற்க வேண்டும். சர்க்ளிப் சும்மா இருக்கும்போது உள் விட்டம் 23.2, அதிகபட்சம் 23.4.

---

மூணுதாடை:

அளந்தேன். அடி விட்டம் 24.2. அகலம் 1.6, ஏனென்றால் பட்டறையில் இருந்த க்ரூவ் டூல் அதுதான். க்ரூவின் உள் சுவர் பேரிங் முகத்தோடு சமமாக இருக்கிறது. வெளி விளிம்பு வட்டமடித்திருக்கிறது, லென்ஸில் பார்த்தால் 0.2 மி.மீ இருக்கும். கழன்ற சர்க்ளிப் மூன்றும் லேசாகத் தட்டு போல் குழிந்திருக்கின்றன. பேரிங்கைத் தாண்டி ஷாஃப்ட் 10 மி.மீ நீட்டிக்கொண்டிருக்கிறது.

---

பல்சக்கரம்:

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது சார், "திசையையும் மாற்றிய பிறகு" என்ற இடத்தில். ஹெலிகல் கியரின் பக்கவாட்டுத் தள்ளு சுற்றும் திசையோடு மாறும். முன்பு தள்ளு இடது பக்கம் போயிருக்கும். அப்போது ஷோல்டர் பேரிங்கை அழுத்தும், சர்க்ளிப் சும்மா உட்கார்ந்திருக்கும். திசை மாறியதும் ஷாஃப்ட் வலது பக்கம் இழுபடுகிறது. இப்போது அதைப் பிடித்து நிறுத்துவது சர்க்ளிப் ஒன்றுதான். க்ரூவ் முதல் நாளிலிருந்தே சரியில்லை, இரண்டு வருடம் வேலை வராததால் தெரியவில்லை.

தள்ளு எவ்வளவு? 2.2 கிலோவாட், 360 ஆர்பிஎம் என்றால் டார்க் 58 நியூட்டன் மீட்டர். 40 மி.மீ ஆரத்தில் பல்லின் மேல் விழும் விசை 1,460 நியூட்டன். அதை 20 டிகிரியின் டேன், அதாவது 0.364 கொண்டு பெருக்கினால் பக்கவாட்டில் 530 நியூட்டன், ஏறக்குறைய 54 கிலோ. நேரடி ஸ்டார்ட்டரில் ஸ்டார்ட் ஆகும்போதும் மணல் அடைத்துக்கொள்ளும்போதும் இது இரண்டு, இரண்டரை மடங்காகும். 1.3 கிலோ நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது தாங்கும் திறனைப் பாருங்கள். 25 மி.மீ சர்க்ளிப், எதிரே கூர்மையான விளிம்புள்ள பாகம் அழுத்தினால் 16.2 கிலோ நியூட்டன் தாங்கும். க்ரூவ் சுவரோ, ஷாஃப்ட்டின் ஈல்டு (இரும்பு நிரந்தரமாக நசுங்கத் தொடங்கும் அழுத்தம்) 200 மெகாபாஸ்கல் என்று எடுத்தால், 7.05தான். வளையத்தை விடச் சுவர்தான் பலவீனம். இரண்டு சர்க்ளிப் சேர்த்துப் போட்டாலும் கடைசியில் அழுத்துவது அதே ஒரு சுவரைத்தான். ஃபிட்டரின் முதல் யோசனை அதனால்தான் பயன்படாது.

சுவரின் கணக்கு எளிது. க்ரூவ் ஆழம் 0.55, அதன் வளையப் பரப்பு 42 சதுர மி.மீ. அதை 200-ஆல் பெருக்கி, பாதுகாப்புக்கு 1.2-ஆல் வகுத்தால் 7 கிலோ நியூட்டன் வருகிறது. உங்கள் க்ரூவில் ஆழம் 0.4. அதில் 0.2 வட்டமடித்துப் போய்விட்டது, நேராக நிற்பது 0.2தான். பரப்பு 15 சதுர மி.மீ சொச்சம், திறன் 2.6 கிலோ நியூட்டன். காகிதத்தில் 1.3-க்கு இது போதும் போலத் தெரியும். ஆனால் வட்டமடித்த விளிம்பு சாய்தளம் மாதிரி. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சர்க்ளிப் அதில் கொஞ்சம் ஏறும், வாய் கொஞ்சம் விரியும்.

தட்டு போல் குழிந்திருப்பதற்குக் காரணம் வேறு. 6205-இன் உள் வளையத்தில் ஓர வட்டம் குறைந்தது 1 மி.மீ ஆரம், 1.5 வரை போகலாம். சர்க்ளிப்பின் உள் ஓரம் க்ரூவில் பிடித்திருக்கிறது, பேரிங்கோ அதிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி வெளி ஓரத்தில் அழுத்துகிறது. நெம்புகோல்தான். எதிர்ப் பாகத்தின் ஓரம் 1.5 மி.மீ வெட்டுப்பட்டிருந்தால் அதே சர்க்ளிப்பின் திறன் 16.2-லிருந்து 3.8 கிலோ நியூட்டனுக்கு இறங்கிவிடும். இந்தச் சரிவைப் பலரும் பார்ப்பதில்லை. கேட்லாக்கில் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

---

ஆயில்சீல்:

க்ரூவ் 1.6 அகலம் என்பதே தப்பு, அதுதான் மூல காரணம் என்று நினைக்கிறேன். 0.4 ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சுத்தியல் அடி போல் விழும்.

---

பல்சக்கரம்:

அடி விழும், மறுக்கவில்லை. ஆனால் தள்ளு ஒரே திசை என்றால் அகலமான க்ரூவ் தன்னளவில் குற்றமில்லை. சர்க்ளிப் சாய்கிற வெளிச் சுவர் நேராக, கூர்மையாக இருந்தால் போதும். உள் சுவர் எங்கே இருந்தாலும் அது விசை வாங்குவதில்லை. இங்கே கெட்டது ஆழமும் வெளி விளிம்பும். ஆட்டத்தை க்ரூவ் அகலத்தில் குறைப்பதை விட, பேரிங்குக்கும் சர்க்ளிப்புக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் (இடைவெளி வளையம்) வைத்து அதன் நீளத்தில் குறைப்பது சுலபம்.

---

மைக்ரான்:

இதே ஷாஃப்ட்டைக் காப்பாற்றலாம், 10 மி.மீ நீட்டம் இருப்பதால். பழைய க்ரூவை ஆழப்படுத்த வேண்டாம், அதன் விளிம்பு போய்விட்டது. புது க்ரூவைத் தள்ளிப் போட்டு, நடுவில் ஒரு ஸ்பேசர் வையுங்கள்.

ஸ்பேசர் இஎன்8-இல் கடையலாம். துளை 25.05, வெளி விட்டம் 31, நீளம் 5.2-இல் நிறுத்துங்கள். கடையில் கிடைக்கும் டின் 988 தாங்கு வளையம் 25×35×2 இந்த வேலைக்கே வந்ததுதான், ஆனால் உங்களுடையது 2ஆர்எஸ். பேரிங்கின் உள் வளைய முகத்தைத் தாண்டினால் வளையம் சீலில் உரசும். அதனால் 31. இரண்டு முகமும் 0.02-க்குள் இணையாக இருக்க வேண்டும். பேரிங் பக்கம் துளை ஓரத்தில் சாம்ஃபர் (சாய்வெட்டு) இருக்கலாம். சர்க்ளிப் பக்கம் சாம்ஃபர் கூடவே கூடாது, பிசிறை மட்டும் கல்லில் தட்டி எடுங்கள். அங்கே அரை மில்லிமீட்டர் சாம்ஃபர் அடித்துவிட்டால் ஸ்பேசர் போட்டதில் பாதிப் பயன் போச்சு. பழக்கத்தில் கை தானாகவே சாம்ஃபர் அடித்துவிடும், கவனம்.

அளவு ஷோல்டரிலிருந்து: பேரிங் 15, ஸ்பேசர் 5, சர்க்ளிப் 1.2, ஆட்டம் 0.05. ஆக க்ரூவின் வெளிச் சுவர் 21.25-இல். 1.3 டூல் என்றால் உள் சுவர் 19.95-இல். பழைய க்ரூவ் 16.6-இல் முடிகிறது, ஆகவே ஸ்பேசர் உட்கார 3.35 மி.மீ முழு விட்டம் மிச்சம் இருக்கிறது. ஷாஃப்ட் 25-இல் முடிவதால் வெளிச் சுவருக்குப் பின்னால் 3.75 மி.மீ இரும்பு, தேவை 1.7தான்.

க்ரூவ் டூல் புதிதாகத் தீட்டியதாக இருக்கட்டும். அடி மூலையின் வட்டம் சர்க்ளிப் தடிமனில் பத்தில் ஒன்றுக்கு, அதாவது 0.12-க்கு மேல் போகக் கூடாது. தேய்ந்த டூல் மூலையில் பெரிய வட்டம் விட்டால் சர்க்ளிப் அடியில் உட்காராமல் அந்த வட்டத்தின் மேல் மிதக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். க்ரூவ் போட்ட பிறகு எமரி பேப்பர் பிடிக்காதீர்கள். உங்கள் பழைய விளிம்பில் பாதி எமரியிலேயே போயிருக்கும் என்று சந்தேகம்.

6205-இன் அகலம் 15-லிருந்து 0.12 வரை குறைவாக வரலாம். அதனால் 5.2 ஸ்பேசரை அப்படியே ஏற்றாதீர்கள். பேரிங்கை ஷோல்டரில் முட்ட ஏற்றி, பேரிங் முகத்துக்கும் க்ரூவின் வெளிச் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதில் சர்க்ளிப்பின் உண்மையான தடிமனையும் 0.05-ஐயும் கழித்து, அந்த நீளத்துக்கு ஸ்பேசரை கிரைண்டிங்கில் தேய்த்து இறக்குங்கள்.

---

ஆயில்சீல்:

மாட்டும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், புது சர்க்ளிப் மூன்று போயிருக்கிறது என்பதால்.

சர்க்ளிப் பஞ்ச் அடித்து வெட்டப்படுவது. ஒரு பக்க ஓரம் மழுங்கியிருக்கும், மறுபக்கம் கூர்மையாக இருக்கும், விரல் நகத்தால் தடவினால் தெரியும். கூர் பக்கம் க்ரூவின் வெளிச் சுவரைப் பார்க்க வேண்டும், மழுங்கிய பக்கம் ஸ்பேசரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் மழுங்கிய ஓரம் க்ரூவ் விளிம்பில் ஏற வழி தேடும்.

பிளையர் 19 முதல் 60 மி.மீ வரையிலான வெளி சர்க்ளிப் பிளையர், முனை 1.8 மி.மீ. சர்க்ளிப்பின் கண் துளை 2 மி.மீ இருக்கும், முனை ஆட்டமில்லாமல் நுழைய வேண்டும். விரிப்பது ஷாஃப்ட்டைத் தாண்டும் அளவு மட்டும். தரச் சோதனையிலேயே விட்டத்தின் 1.01 மடங்கு கூம்பில், அதாவது 25.25-இல்தான் ஏற்றுவார்கள். பிளையரில் நிறுத்து ஸ்க்ரூ இருந்தால் அதை அங்கே வைத்துவிடுங்கள். இரண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றியது என்றால் அந்த சர்க்ளிப் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கும், போடாதீர்கள். கண்ணாடி அணியுங்கள், மறு கையால் துணியை மேலே பிடியுங்கள்.

மாட்டிய பின் சர்க்ளிப்பைப் பிளையர் முனையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக நகர வேண்டும். விரலால் தள்ளினாலே லொடலொடவென்று சுற்றினால், விரித்ததில் கெட்டிருக்கிறது அல்லது க்ரூவ் ஆழம் கூடிவிட்டது. கழற்றிய சர்க்ளிப்பின் உள் விட்டம் 23.4-ஐத் தாண்டினால் குப்பைக்கு. விசை வாங்கும் இடத்தில் பழையதைத் திரும்பப் போடுவது எனக்கு உடன்பாடில்லை, பத்து ரூபாய் மிச்சம் பிடித்து பேரிங்கைக் கொடுப்பானேன்.

இன்னொன்று. பேரிங்கை சர்க்ளிப் மேல் முட்டவைத்து பிரஸ்ஸில் தள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சர்க்ளிப் குழிவதற்கு அதுவே போதும். பேரிங் ஷோல்டரில்தான் முட்ட வேண்டும், சர்க்ளிப் கடைசியில்.

வெள்ளையாக மின்னும் துத்தநாக முலாம் சர்க்ளிப் வேண்டாம். இந்தக் கடினத்தில் எலெக்ட்ரோபிளேட்டிங் செய்து சரியாக அடுப்பில் வைக்காவிட்டால் ஹைட்ரஜன் உள்ளே தங்கிவிடும். மாட்டும்போது நன்றாக இருக்கும், அடுத்த நாள் சர்க்ளிப்பின் கண்களுக்கு நேர் எதிர்ப்பக்கம் இரண்டாக உடைந்து கிடக்கும். கறுப்பு பாஸ்பேட் பூச்சு, ஐஎஸ் 3075 (இந்தியத் தரநிலை) அல்லது டின் 471 என்று சொல்லி வாங்குங்கள்.

---

மூணுதாடை:

மிக்க நன்றி. கழன்ற மூன்றில் ஒன்றின் உள் விட்டம் 23.9, மற்ற இரண்டும் 23.5. ஸ்க்ரூடிரைவர்தான் காரணம் என்று இப்போது புரிகிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, சர்க்ளிப்புக்குப் பதில் லாக் நட் போடலாமா? இரண்டு, ஒரே முனையில் இரண்டு க்ரூவ் இருந்தால் ஷாஃப்ட் உடையாதா?

---

பல்சக்கரம்:

லாக் நட் என்றால் கேஎம்5, மரை எம்25×1.5, அதோடு எம்பி5 வாஷர். வாஷரின் நாக்குக்கு ஷாஃப்ட்டில் சாவிக்காடி வெட்ட வேண்டும், மரை பேரிங் உட்காரும் இடத்துக்கு வெளியே முடிய வேண்டும். புது ஷாஃப்ட் செய்வதானால் நல்ல வழி, ஆட்டம் பூஜ்யம். ஆனால் 530 நியூட்டனுக்கு அவ்வளவு தேவையில்லை.

க்ரூவ் உடைக்குமா என்பது அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சர்க்ளிப் க்ரூவ் கூர்மையான வெட்டு. முதல் கணக்கில் வளைவுக்கு 5 மடங்கும் முறுக்கலுக்கு 3 மடங்கும் அழுத்தம் கூடும் என்று எடுப்பது வழக்கம். உங்கள் க்ரூவ் இடது முனையில், பேரிங்குக்கு வெளியே. அங்கே டார்க்கும் இல்லை, வளைவும் இல்லை, பத்து க்ரூவ் போட்டாலும் ஷாஃப்ட்டுக்குத் தெரியாது. இதையே வலது பக்கம், பேரிங்குக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் போட்டிருந்தால் செயின் இழுப்பு அந்த இடத்தில்தான் ஷாஃப்ட்டை வளைக்கும். அங்கே மட்டும் எந்தக் காலத்திலும் க்ரூவ் வேண்டாம்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். கன்வேயர் இனி ஒரே திசையில்தான் ஓடும் என்றால் சர்க்ளிப்பின் மேல் விசையே வராமல் செய்யலாம். தள்ளு வலது பக்கம், வலது பேரிங்குக்கும் கியர் பக்கம் ஷோல்டர் இருக்கிறது. அந்த பேரிங்கின் வெளி வளையத்தை ஹவுசிங்கில் வெளிப்பக்கமாக நிறுத்திவிட்டால் தள்ளு ஷோல்டர் வழியாக அங்கே போய்விடும். மூடியில் உதடு இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் 52 துளைக்கு உள் சர்க்ளிப்: தடிமன் 2, க்ரூவ் விட்டம் 55, அகலம் 2.15, வெளிச் சுவருக்குப் பின்னால் குறைந்தது 4.5 மி.மீ. ஹவுசிங் வார்ப்பிரும்பு என்றால் சரி, அலுமினியம் என்றால் மூடி உதடுதான் நல்லது. அப்படிச் செய்தால் இடது பேரிங்கின் வெளி வளையத்தை விடுவிக்க மறக்காதீர்கள், இரண்டு பக்கமும் 0.5 மி.மீ இடைவெளி வேண்டும். இரண்டு முனையிலும் இறுக்கிப் பிடித்தால் ஷாஃப்ட் சூடேறி நீளும்போது இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று தின்னும்.

பிரிப்பதற்கு முன் தள்ளு எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இடது முனையில் டயல் கேஜ் வைத்து, பெல்ட் இறுக்கமாக இருக்கும்போது மோட்டார் விசிறியைக் கையால் ஓடும் திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். முள் எந்தப் பக்கம் போகிறதோ அதுதான்.

---

மூணுதாடை:

டயல் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் 0.38 நகர்கிறது, திருப்பிச் சுற்றினால் அதே 0.38 திரும்பி வருகிறது. வலது மூடியில் உதடு இல்லை. ஹவுசிங் வார்ப்பிரும்புதான், பேரிங்குக்கு வெளியே துளை 9 மி.மீ நீள்கிறது.

---

மைக்ரான்:

9 மி.மீ போதும். 2.15 க்ரூவ் போட்டு பின்னால் 6.85 நிற்கும். இடது முனை ஸ்பேசரையும் புது க்ரூவையும் செய்துவிடுங்கள், இடது பேரிங் ஷாஃப்ட்டை விட்டு நழுவாமல் இருக்க அது வேண்டும். யாராவது மோட்டாரின் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் திசை திரும்பிவிடும், அதனால் ஸ்டார்ட்டர் பெட்டியில் சுற்றும் திசைக்கு ஒரு அம்புக்குறி ஒட்டிவையுங்கள். எட்டு மணி நேரம் ஓட்டிய பின் அதே டயலில் 0.1-க்கு மேல் காட்டினால் வலது சர்க்ளிப்புக்கும் பேரிங் வெளி வளையத்துக்கும் நடுவில் 42×52 ஷிம் (மெல்லிய இடைவெளித் தகடு) வளையம் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.